ஹால்ட் வண்டி திரும்பும்

சத்தியம் பண்ணிச் சொல்லுகிறேன், வேண்டுமானால் பாபநாசம் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஈரத்துணியோடு இன்னொரு தடவையும் சொல்லுகிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. யானை டிக்கெட் கேட்ட கதையைச் சொன்ன ஆள்தானே நீர் என்று மடக்காதீர். அதுவும் நிஜம்தான், ஆனால் அதற்குச் சாட்சி யானை மட்டும். இதற்குச் சாட்சி மனுஷர்கள் இருக்கிறார்கள். இது அம்பாசமுத்திரம் பிரமநாயகம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காலைப்பொழுது முழுக்க வரிசையில் நின்றபடி நினைத்த கதை. அவர் நெஞ்சுக்குள் ஓடினது உமக்கு எப்படிவே தெரியும் என்று கேட்பீர். தெரியும், அவ்வளவுதான். இடம் சென்னை. எந்த நாட்டு விசா ஆபீஸ் என்று மட்டும் கேட்கக் கூடாது, சொன்னால் அந்த நாட்டு வாசல் எனக்கு அடைபட்டுப் போகும். பனி பெய்கிற நாடு, அவர் மகள் உலகம்மை புருஷனோடு இருக்கிற நாடு, உலகம்மைக்கு இப்போது ஏழு மாதம், அவளைப் பார்க்கப் போகத்தான் பிரமநாயகமும் அவர் சம்சாரம் பகவதியம்மாளும் வெயில் ஏறுகிற நேரத்தில் மதில் சுவரை ஒட்டி நிற்கிறார்கள். பகவதி கையில் பைல். பிரமநாயகம் கையில் ஒன்றுமில்லை. வாயில்தான் எல்லாம். உதடு அசைந்துகொண்டே இருக்கிறது, ஐ கோ, ஐ வென்ட், ஐ ஹாவ் கான், ஐ வில் கோ, பக்கத்தில் நிற்கிற பெண்பிள்ளை அவர் ஏதோ ஸ்லோகம் சொல்லுகிறார் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளுகிறது.

ஸ்லோகம் இல்லை தாயி, நாற்காலி, என்று சொல்லவேண்டும்போல் இருந்தது அவருக்கு. மூன்று நாற்காலி. ஊரில், அம்பாசமுத்திரத்தில், உரக்கடை மாடியில் ஜெபக்கனி மிஸ் நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பில் யூரியா வாசத்துக்கு நடுவே மூன்று நாற்காலி வரிசையாகக் கிடக்கும், ஒன்று கால் ஆடுகிற மரநாற்காலி, அது நேற்று, ஒன்று மிஸ் உட்காருகிற சுழல் நாற்காலி, அது இன்று, மூன்றாவது கடையிலிருந்து வந்த பாலித்தீனைக்கூடப் பிரிக்காத பிளாஸ்டிக் நாற்காலி, அது நாளை. சொல்லுகிற வாக்கியம் எந்தக் காலத்தில் நடக்கிறதோ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து சொல்லவேண்டும். நர்சிங் முடித்த பெண்பிள்ளைகளெல்லாம் மான்குட்டி மாதிரி தாவுவார்கள், பிரமநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாவுவார், ஒருநாள் ஐ வில் ஈட் என்று தாவினபோது நாளை நாற்காலி வழுக்கி அவர் தரையில் விழுந்தார், மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு, அங்கிள், ஃப்யூச்சர்ல பைய உக்காரணும், என்றாள். அன்றைக்கிலிருந்து எந்த வாக்கியம் வந்தாலும் இடுப்புதான் முதலில் நகருகிறது, அப்புறம்தான் நாக்கு. இப்போதும் வரிசையில் நின்றபடியே இடதுகாலுக்குச் சாய்ந்தால் வென்ட், வலதுகாலுக்குச் சாய்ந்தால் வில் கோ, நடுவில் நிமிர்ந்தால் கோ. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி இந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவரே, பாத்ரூம் அந்தப் பக்கம், என்று கை காட்டினான். பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். ஒழுங்கா நில்லுங்க, கோட்டி புடிச்ச மாதிரி ஆடாதீங்க. ஏட்டி, நான் ஆடல, டென்ஸ் மாத்துதேன். மாத்துனது போதும், தமிழ்ல பேச ஆள் வச்சிருக்கான், தமிழ்லயே பேசிட்டுப் போவோம். இதைத்தான் ரயிலிலும் சொன்னாள், லாட்ஜிலும் சொன்னாள், இட்லிக்குச் சட்னி ஊற்றும்போதும் சொன்னாள். தமிழ்லயே. தமிழ்லயே. தமிழில் பேசித்தானே போன வருஷம்.

போன வருஷம் என்றதும் கால் தானாக இடதுபக்கம் சாய்ந்தது. அந்த மரநாற்காலி ஆடுகிற நாற்காலி, அதில் ரொம்ப நேரம் உட்கார முடியாது, உட்காராமலும் முடியாது. இதே கட்டடம், இதே கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு துரை, துரைக்குப் பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க ஒரு மொழிபெயர்ப்பு ஆள். எதுக்குப் போறீங்க, எப்ப வருவீங்க, என்று கேட்டான். பிரமநாயகம் சொன்னார், நெஞ்சைத் தொட்டு, நிறுத்தி நிதானமாக, மவளுக்கு முதல் பிரசவம்யா, பக்கத்துல ஒரு நாதி கிடையாது, பேறுகாலம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, நாப்பது கழிச்சு, பேர் வச்சு, தொட்டில்ல போட்டுட்டு, போயிட்டு வாரோம்யா, என்று. எத்தனை சொல்! அந்த ஆள் அத்தனையும் கேட்டுவிட்டுத் துரை பக்கம் திரும்பிக் கொட்டாவி விடுகிற நேரத்தில் ஒரு துண்டு வாக்கியம் சொன்னான். கோயிங் என்று காதில் விழுந்தது. டாட்டர் என்று விழுந்தது. அவ்வளவுதான். கம் எங்கேடா? போயிட்டு என்று நான் ஏற்றிவிட்ட ஆளை இறக்கிவிட்டாயே, வாரோம் என்று கூடவே ஏறினவன் எங்கேடா, அவனை எந்த ஸ்டாப்பில் தள்ளிவிட்டாய்? எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுக்குக் கிளம்புகிறவன்கூடப் போறேன் என்று சொல்லமாட்டானே, கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன் என்றுதானே சொல்லுவோம், போறேன் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பமாட்டான் என்று குழந்தைக்குத் தெரியுமே. அந்த ஆளும் தமிழன்தான், அவன் அம்மாவும் வாசலில் நின்று போயிட்டு வா என்றுதான் அனுப்பியிருப்பாள், அதனாலேயே அதை அவன் ஒரு சொல்லாக எண்ணவில்லை, சும்மா வாயில் வருகிற உமிழ்நீர் என்று எண்ணி முழுங்கிவிட்டான். துரை இரண்டு பாஸ்போர்ட்டையும் துவாரம் வழியாக வெளியே தள்ளினான். கூடவே ஒரு தாள். பாஸ்போர்ட்டை அவர்கள் உள்ளே வைத்துக்கொண்டால் விசா உண்டு, வெளியே தள்ளினால் இல்லை, இது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வெளியே வந்தபிறகு பகவதி கேட்டாள், தரமாட்டானாமா? தரமாட்டான். நாம என்ன தப்பாச் சொன்னோம்? நாம சரியாத்தான் சொன்னோம், என்றார் பிரமநாயகம், நம்ம சொல்லை இன்னொருத்தன் கையில குடுத்ததுதான் தப்பு. கண்டக்டராக இருந்த காலம் முழுக்கத் தோல்பையை அவர் இன்னொருவன் தோளில் மாட்டினது கிடையாது. டிரைவர் கேட்டாலும் கிடையாது, டீ குடிக்கப் போனாலும் பையோடுதான். அன்றைக்கே மதில் ஓரத்தில் நின்று சபதம் போட்டார், இனிமேல் இந்தக் கூண்டுக்கு வந்தால் என் சொல்லை நானே சுமந்து வருவேன், எனக்கு ஒருத்தனும் மொழிபெயர்க்க வேண்டாம்.

வரிசை நகருகிறது, நின்றுவிடுகிறது, நகருகிறது. கோ, வென்ட், கான். இந்தக் கோ என்கிறவன் சரியான ஃபோர் ட்வெண்டி. ஏறும்போது கோ என்று பேர் சொல்லி ஏறுகிறான், இறங்கும்போது வென்ட் என்கிறான், யார்யா நீ என்றால் கான் என்கிறான், ஒரே டிக்கெட்டுக்கு மூன்று பேர் சொன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர் விடுவானா? கம் மட்டும் நல்ல பிள்ளை. கம், கேம், மறுபடியும் கம். போனதுபோல வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. போனவன் போன பேரோடு திரும்புகிறதில்லை, வந்தவன் வந்த பேரோடேயே இருக்கிறான், வெள்ளைக்காரனுக்கும் இது தெரிந்திருக்கிறது பாரேன் என்று ஒருநாள் மிஸ்ஸிடம் சொன்னார், மிஸ் அதை மறுநாள் வகுப்பில் தன் சொந்தச் சரக்கு மாதிரி சொன்னாள், அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒரே ஒரு பாடம் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஹாவ் போட்டுச் சொல்லுகிறது. நடந்தது நேற்று, ஆனால் ஈரம் இன்னும் காயவில்லை, அதற்குத்தான் ஹாவ், அதற்குத்தான் ஹாஸ், என்றாள் மிஸ். நாற்காலி? அதற்குத் தனி நாற்காலி கிடையாது அங்கிள், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் இரண்டிலும் பாதிப் பாதியாக உட்காரவேண்டும். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் அந்த இடுக்கில் பாதிப் பாதியாக உட்கார்ந்தார், மரநாற்காலி ஆடியது, சுழல் நாற்காலி நழுவியது, அவருக்கு அந்த இடம் பழகின இடமாக இருந்தது. விசா மறுத்து ஊர் திரும்பி வந்த மாசம்தானே போன் வந்தது. பகவதிதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். உலகம்மை அழவேயில்லை, அதுதான், அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஒண்ணுமில்லம்மா, முடிஞ்சு போச்சும்மா, என்றாள். மருமகன் வெளியூரில். அவளே வண்டியைப் பிடித்து, அவளே ஆஸ்பத்திரிக்குப் போய், அவளே கையெழுத்துப் போட்டு. முடிஞ்சு போச்சு. ஒரு வருஷமாக அவர் அந்த இடுக்கில்தான் உட்கார்ந்திருக்கிறார், பாதி உடம்பு அங்கே, பாதி இங்கே. நாங்கள் போயிருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா என்றால் டாக்டர் இல்லை என்கிறார், தங்கியிருக்காது பெரியவரே, அது வேற காரணம், என்கிறார், சரி தங்கியிருக்காது, ஆனால் முடிஞ்சு போச்சும்மா என்பதைப் போனில் சொல்லவேண்டி வந்திருக்காதே, மடியில் தலையை வைத்துச் சொல்லியிருப்பாளே. ஹாட், வுட் ஹாவ், இஃப் வீ ஹாட் கான். அந்தப் பாடம் வந்த அன்றைக்கு அவர் வகுப்புக்குப் போகவில்லை. நடக்காமல் போனதற்கெல்லாம் ஒரு இலக்கணமா, என்னடா பாஷை இது, என்று ஆற்றங்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

என்னங்க. என்ன. ஒண்ணு சொல்லட்டுமா. பகவதி பைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் குரல் தணிந்துவிட்டால் அவருக்குப் பயம், கத்துகிற பகவதியைச் சமாளிக்கலாம். நீங்க படிச்சதெல்லாம் சரிதான், ராவும் பகலும் நாற்காலி நாற்காலியாத் தாவுனதும் சரிதான், ஆனா உங்க வாயை நம்பி என் மவ வயித்துப் பிள்ளையை வைக்க எனக்கு மனசில்ல. ஏன், என் வாய்க்கு என்ன? அது நிக்காதே! ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லும். ஊருக்குள்ள உங்களுக்கு என்ன பேருன்னு தெரியாதா? தெரியும், புளுகுமூட்டை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற ஒருவர், தஞ்சாவூர்க்காரர், இவர் கண்டக்டர் என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தவர், சார் ரூட் பஸ்ஸா டவுன் பஸ்ஸா என்று கேட்டு வைத்தார், கேட்கலாமா? பிரமநாயகம் திரும்பினார். காரையார் ரூட்டுங்க. ஒருநாள் அணைக்கு மேல வளைவுல ஒத்தை யானை வழிமறிச்சு நிக்கி, டிரைவருக்குக் காக்கிப் பேண்ட்டே நனைஞ்சு போச்சு. நான் இறங்கிப் போயி, எம்பெருமானே, வண்டி ஃபுல்லு, நிக்கக்கூட எடமில்ல, பின்னால ஆறு மணி வண்டி காலியா வருதுன்னேன். அது தும்பிக்கையை நீட்டிச்சு. டிக்கெட்டாங்க கேக்கு! கிழிச்சுக் குடுத்தேன், வாங்கிட்டு ஓரமா ஒதுங்கிச்சு, ஆறு மணி வண்டிக்காரன் சொன்னான், அங்கனேயேதான் நின்னுச்சாம் காத்துக்கிட்டு. பகவதி அவர் காலை மிதித்தாள். அதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம், எங்கே கதை கிளம்பினாலும் அவள் மிதிப்பாள், மிதித்தால் நிறுத்தவேண்டும். அவர் நிறுத்தினார். தஞ்சாவூர்க்காரர் நிஜமாகவா சார் என்றார். இந்தம்மா சம்சாரமாச்சே, இவங்களைக் கேளுங்க, என்றார் பிரமநாயகம். பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் உதட்டோரம் ஒரு சுழிப்பு, கல்யாணமான புதிதில் இதே கதையைக் கேட்டு, யானைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டவள் அவள்தான்.

உள்ளே குளிர். ஏசிக் குளிர் முழங்காலில் இறங்கியது. பெஞ்சில் உட்கார வைத்தார்கள், தலைக்கு மேல் நம்பர் விழுகிறது, எதிரே வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் ஒரு முதுகு. முதுகைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது, பாஸ்போர்ட் வெளியே வந்தால் முதுகு சுருங்குகிறது, உள்ளே தங்கினால் நிமிர்கிறது. தஞ்சாவூர்க்காரர் முதுகு சுருங்கிற்று. யானைக்கதை கேட்டுச் சிரித்த மனுஷன், போகும்போது இவர்களைப் பார்க்கவில்லை. பிரமநாயகம் உதட்டை மறுபடி அசைத்தார். கோ, கோ, கோவுக்கு அடுத்தது என்ன? எல்லாம் இருக்கிறதா என்று மடியைத் தடவுகிற மாதிரி மனசைத் தடவினார், வில் இருக்கிறது, வாஸ் இருக்கிறது, வேர் எங்கேயோ, ஐ ஆம் கோயிங் என்று சொல்லவே கூடாது என்று மருமகன் சொன்னானே, இல்லை, சொல்லலாம், பின்னால் ரிட்டர்ன் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றானே. மருமகன் எழுதிச் சொன்ன வாக்கியம் நல்ல வாக்கியம், வீ வில் ரிட்டர்ன் டு அவர் நேட்டிவ் பிளேஸ் ஆஃப்டர் த டெலிவரி, அட்சரம் பிசகாமல் வரும், தூக்கத்திலும் வரும். ஆனால் அதைச் சொல்லுகிறபோதெல்லாம் வாயில் வேறு யாருடைய பல் செட்டையோ மாட்டின மாதிரி இருக்கிறது. பயமா இருக்கா, என்றாள் பகவதி. எனக்கா? போன வருஷத் தமிழுக்குத்தான் பயப்படணும், இந்த வருஷம் நான் இங்கிலீசு. அப்ப ஏன் என் முந்தானையைப் புடிச்சிருக்கீங்க? ஏசி. அவள் தன் முந்தானையால் அவர் கையை மூடினாள். அவர்கள் நம்பர் விழுந்தது.

கூண்டுக்குள் துரை இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண், உலகம்மை வயசுதான் இருக்கும், மூக்கு நுனி சிவந்திருந்தது, சளி பிடித்தவள் போலும். பக்கத்து நாற்காலியில் மொழிபெயர்ப்பு ஆள், வேறு ஆள், ஆனால் அதே கொட்டாவி முகம். தமிழா இங்கிலீஷா சார், என்று அவன் வாயைத் திறக்கவும் பகவதி தமிழ் என்றாள், பிரமநாயகம் இங்கிலீஷ் என்றார், இரண்டும் ஒன்றாக விழுந்தது. நோ டிரான்ஸ்லேட்டர், என்றார் அவர், கண்ணாடியில் நெற்றி இடிக்கிற அளவு குனிந்து. மை மவுத், மை வேர்ட்ஸ். அந்த ஆள் தோளைக் குலுக்கினான். வெள்ளைக்காரப் பெண் அவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவனைக் கையால் அமர்த்தினாள், அப்புறம் செய்தாளே ஒரு காரியம், சத்தியமாகச் சொல்லுகிறேன், தமிழில் பேசினாள். வணக்கம். நீங்கள் எதற்காக என் நாட்டுக்குப் போனீர்கள்? பிரமநாயகத்துக்கு இடுப்பு இடதுபக்கம் சாய்ந்துவிட்டது. போனோமா? எப்போது? நாளை நாற்காலிக்குப் போகவேண்டியவள் மரநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, ஐயோ இந்தப் பிள்ளைக்கும் எங்கோ ஒரு உரக்கடை மாடி, ஒரு ஜெபக்கனி மிஸ், விழுந்து எழுந்துதான் வந்திருக்கிறாள். அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், தன் தமிழ் போய்ச் சேர்ந்ததா என்று. விட்டுக்கொடுக்கலாம், தமிழில் பதில் சொல்லிவிடலாம், முடிந்தது வேலை. ஆனால் சபதம்? அவர் தொண்டையைச் செருமினார். மேடம், ஐ நாட் யெட் வென்ட், என்றார். அவள் புருவம் ஏறிற்று. நாட் யெட் கான், என்று அவளே அவரைத் திருத்தினாள், மெல்ல, இங்கிலீஷில். இவர் சும்மா இருப்பாரா? மேடம், நாட் போனீர்கள், போகிறீர்கள், என்றார் இவர். பகவதி மிதித்தாள். பலமாக மிதித்தாள், அதில் ஏழுமாத வயிற்றோடு இருக்கிற மகள், ரயில் டிக்கெட், போன வருஷத்துப் போன் எல்லாம் இருந்தது. மொழிபெயர்ப்பு ஆளின் கொட்டாவி பாதியில் நின்றது. முடிஞ்சு போச்சு, என்று பிரமநாயகத்தின் நெஞ்சுக்குள் ஒரு குரல், மகள் குரல், ஒண்ணுமில்லப்பா, முடிஞ்சு போச்சுப்பா. வெள்ளைக்காரப் பெண் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், போகிறீர்கள். பிறகு தும்மினாள். நன்றி, என்று சிரித்தாள்.

ஆனால் சிரிப்பு அவளிடம் தங்கவில்லை, அது அவள் சோலி, சிரித்துக்கொண்டே வெளியே தள்ளுகிறவர்களையும் அவர் பஸ்ஸில் பார்த்திருக்கிறார், அவரே தள்ளியிருக்கிறார். இரண்டு பாஸ்போர்ட்டும் அவள் விரலடியில் கிடந்தன. மகளைப் பற்றிக் கேட்டாள், மருமகன் வேலையைக் கேட்டாள், இவர் இங்கிலீஷில் சொன்னார், அவள் தமிழில் கேட்டாள், இரண்டு பேரும் இறங்கி வரவில்லை, குறுகலான பாலத்தில் எதிரெதிரே வந்து நின்ற இரண்டு பஸ் மாதிரி. அப்புறம் அவள் கண்ணை உயர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துக் கேட்டாள், இந்தத் தடவை நாற்காலி பிசகவில்லை. நீங்கள், திரும்பி, வருவீர்களா? இதுதான். இதற்குத்தான் யூரியா வாசம், இதற்குத்தான் தாவல், வீ வில் ரிட்டர்ன் டு, வீ வில், அவர் வாயைத் திறந்தார், ஒன்றுமில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட பலகை. வில் போயிற்று, ரிட்டர்ன் போயிற்று, நாளை நாற்காலி பாலித்தீனோடு எங்கோ பறந்துபோயிற்று, ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், கையெழுத்துப் போடுகிறாள், பகவதி மூச்சு வாங்குவது காதில் கேட்கிறது. மொழிபெயர்ப்பு ஆள் முன்னால் சாய்ந்தான், நான் சொல்லட்டுமா சார்? அந்த ஒரு சொல்தான். அவருக்கு எங்கிருந்தோ ஏறியது ஒரு வெறி. டேய், என் தோல்பையில் கை வைக்காதே, என்று மனசுக்குள் ஒரு அதட்டல். நிமிர்ந்தார். வலதுகாலும் இல்லை இடதுகாலும் இல்லை, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற கண்டக்டர் நிற்பு. மேடம், ஐ பஸ் கண்டக்டர், என்றார். தர்ட்டி இயர். டெய்லி மார்னிங் பஸ் கோ. டெய்லி பஸ் கம். ஒன் சிங்கிள் கோ, ஒன் சிங்கிள் கம், கண்டக்டர் கணக்கில் ஒரு பக்கம் ஓடுகிற ஓட்டம் ஒரு சிங்கிள். ரெயின், பஸ் கோ, பஸ் கம். எலிஃபெண்ட், பஸ் ஸ்டாப், தென் கோ, தென் கம். பகவதி கால் உயர்ந்தது, இறங்கவில்லை. சம்டைம்ஸ் லாஸ்ட் வில்லேஜ், நைட், பஸ் ஹால்ட். டிரைவர் ஸ்லீப், ஐ ஸ்லீப், பஸ் ஸ்லீப். மார்னிங்? அவர் ஒரு விரலை உயர்த்தினார். மார்னிங் பஸ் கம் பேக். ஆல்வேஸ். நோ பஸ் ஸ்டே இன் ஹால்ட் வில்லேஜ், மேடம், டிப்போ இஸ் ஹியர். மை டாட்டர் ஹவுஸ், ஹால்ட். பேபி கம், வீ சீ, வீ பாத், வீ நேம். தென் ரிட்டர்ன் சிங்கிள். லாஸ்ட் இயர் யூ நாட் கிவ். மை டாட்டர் அலோன். பேபி, என்றார், அங்கே நின்றுவிட்டது, அதற்கு எந்த வினையும் அவர் போடவில்லை, எந்த நாற்காலியிலும் அதை உட்கார வைக்க அவருக்கு மனசில்லை. திஸ் இயர், ஷி நாட் அலோன். யூ டெல் மீ கிராமர் ராங், ஓகே, ராங். பட் ஐ கம் பேக்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ தட்டினாள் கம்ப்யூட்டரில், தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள். உள்ளேயா வெளியேயா, உள்ளேயா வெளியேயா என்று பிரமநாயகத்தின் கண் அந்த விரல்களிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பகவதிக்கு அதுவும் தாங்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, பெரிய இடத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, ரேஷன் கடையானாலும் சரி கோயிலானாலும் சரி ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது சொல்லுகிற மாதிரியே, கை கூப்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைப் பார்த்து, அப்ப நாங்க போயிட்டு வாரோம் தாயி, என்றாள். வெள்ளைக்காரப் பெண்ணின் கை நின்றது. போயிட்டு, என்றாள் தனக்குள், வாரோம், என்றாள். அவள் மிஸ் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும், அல்லது அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா தினமும் வாசலில் சொல்லுவாளாக இருக்கும், முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தெரிந்த பஸ் வருகிறதைத் தூரத்திலேயே பார்த்தவள் மாதிரி. இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தாள். துவாரத்துப் பக்கம் கொண்டுபோகவில்லை. தன் பக்கத்து டப்பாவில் போட்டாள். போயிட்டு வாங்க, என்றாள், ஒரு பிசிறில்லாமல், நம்மூர்ப் பெண் மாதிரி.

வெளியே மதில் ஓரத்தில் வெயில் கொதித்தது. பகவதி அழுதாள், அழுதுகொண்டே அவர் காலைப் பார்த்து, ரொம்ப மிதிச்சுட்டேனோ, என்றாள். பிரமநாயகம் நொண்டிக்கொண்டே, பாத்தியா, என் இங்கிலீசு, என்றார். உங்க இங்கிலீசா, நான் சொன்ன ஒரு சொல்லா? ஏட்டி, பஸ்ஸை அங்கனவரைக்கும் ஓட்டிட்டு வந்தது யாரு? ஓட்டுனது நீங்க, நிறுத்தத்துல நிறுத்துனது நான். ரயில் ஏறுகிறவரைக்கும் இந்தச் சண்டை ஓயவில்லை. பேரன் பிறந்து, பேர் வைத்து, சொன்னபடி திரும்பியும் வந்தாயிற்று, இன்னமும் ஓயவில்லை. இப்போது ஊருக்குள் டீக்கடையில் போய்க் கேட்டுப்பாரும், பிரமநாயகம் அந்த நாட்டு அதிகாரியோடு இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் வாதாடினதாகவும், அவள் கடைசியில் எழுந்து நின்று கையைக் குலுக்கினதாகவும், பக்கத்தில் பகவதியம்மாள் வாயே திறக்காமல் நின்றதாகவும்தான் சொல்லுவார்கள். அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். உமக்கு மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், கடைசியில் வேலை செய்தது பகவதி சொல்தான் என்பது எனக்கும் உமக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். யாராவது எங்கே கேட்டீர் என்று நெருக்கினால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எவனோ சொன்னான், இறங்கிப் போய்விட்டான், ஆள் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும். தப்பித்தவறி என் பேரைச் சொல்லிவிடாதீர்வே, இதை நானே ஒத்துக்கொண்டேன் என்று அவள் காதுக்குப் போய்விட்டால் அப்புறம் இந்த ஜென்மத்தில் அந்த வீட்டில் நான் ஜெயிக்க முடியாது. சரி, தோசைக்கு நேரமாச்சு, தேடுவாள். போயிட்டு வாரேன்.